கடல்கட்டியின் வாய்

மந்திரம் சும்மா பலிக்கக் கூடாது. இதை நான் இருபது வயதில், எங்கள் வீட்டு சிமெண்டுத் தரையில் கரிக்கட்டையால் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன். இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வந்தால் விடமாட்டேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம். அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவன். அந்த சீசன் முடியும் தறுவாயில் ஆழத்தில் அவன் இடது காது ஜவ்வு கிழிந்தது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: இனி முங்கினால் கிழிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், தலை சுற்றும், அடியில் மேல் எது கீழ் எது என்று தெரியாது. அண்ணன் பூண்டு எண்ணெய் விட்டால் சரியாகும் என்றான். அடுத்த சீசனுக்கு வருவதாகப் படகுக்காரரிடம் சொல்லியும் வைத்துவிட்டான். அதுவரை வீட்டில் உட்கார்ந்துகொண்டு குழம்பில் உப்பு, கதவில் சத்தம் என்று எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்தான். அவன் வாய்க்குப் பயந்துதான் அந்த விளையாட்டை உண்டாக்கினேன்.

தரையில் ஏழு கோடு. ஒவ்வொன்றும் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், ஆழம். ஆளுக்கு ஒரு காய். கூடவே பன்னிரண்டு புளியங்கொட்டை, அதுதான் மூச்சு. ஒரு கோடு இறங்க ஒரு கொட்டை போகும், ஏறவும் ஒன்று போகும். சோழி உருட்டுவது நான். அடியில் என்ன இருக்கிறது, எந்தப் பாறைத்திட்டில் முத்து, எந்த இருட்டில் ராஜாவின் கோட்டை, எல்லாம் நான் சொல்வதுதான். கடலே நான்தான். மூன்று சோழி மல்லாந்தால் சுறா வரும்.

சுறாவுக்கு என்ன செய்வது? மந்திரம் போட்டு வாயைக் கட்ட வேண்டியதுதான் என்றான் அண்ணன். சரி என்றேன். அவன் பாட்டுக்கு மந்திரம் போட்டான், சுறா செத்தது. திமிங்கிலம் செத்தது. ராஜாவும் செத்தான். இரண்டே நாளில் விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது. கேட்டதெல்லாம் கிடைக்கிற இடத்தில் யாருக்கு ஐயா விளையாடத் தோன்றும்?

வழி காட்டியது அம்மாதான், அதுவும் திட்டிக்கொண்டே. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பாராம். சுறாவின் வாயைக் கட்டுகிறவர். மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு வருகிற நம் ஆட்கள்கூட அவர் உட்கார்ந்துவிட்டார் என்று தெரியாமல் படகைவிட்டு இறங்க மாட்டார்களாம். கரையில் ஒரு குடிசைக்குள், கடைசிப் படகு திரும்புகிறவரை அவர் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருப்பாராம். அந்த அஞ்ஞானத்தை எல்லாம் மாதா படத்துக்குக் கீழே கொண்டுவராதே என்றாள் அம்மா.

நான் பிடித்துக்கொண்டேன். விளையாட்டில் ஒருவர் கடல்கட்டி. அவர் சுவரோரம் உட்கார வேண்டும். பேசக் கூடாது, எதுவும் வாயில் போடக் கூடாது. அவர் பேசாமல் இருக்கிறவரை சுறாக்களின் வாய் கட்டியிருக்கும். ஒரு வார்த்தை பேசினால் அத்தனை வாயும் திறந்துவிடும். அவ்வளவுதான் மந்திரம். சொல்லே கிடையாது.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பாவத்தைச் சொல்லிவிட்டு வா என்று என்னைக் கும்பசாரத்துக்கு இழுத்துப் போனாள். முழங்காலில் இருந்து, சுறாவின் வாயைக் கட்டினேன் சுவாமி என்றேன். உள்ளேயிருந்து பாதிரியார், எந்தச் சுறா என்றார். புளியங்கொட்டை விளையாட்டில் வருகிற சுறா என்றேன். பிறகு விதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். கடல்கட்டிக்கு இருமல் வந்தால் என்ன ஆகும் என்றும் கேட்டார். நான் அதை யோசித்திருக்கவில்லை. மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இருமல் பேச்சில் சேராது என்று அன்றே ஒரு விதி சேர்த்தேன்.

எங்கள் வீட்டில் கடல்கட்டியாக உட்கார மைனியை மிஞ்ச ஆளில்லை. அண்ணனைக் கட்டி வந்த நாளிலிருந்து அவனுக்கு எதிரே அவள் வாயைத் திறந்ததில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தால் அண்ணன் கவலையில்லாமல் முங்குவான். கடல்கட்டியாக உட்காரச் சொன்னால் மட்டும், அது பொம்பளை வேலை என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீசன் நெருங்கியது. அம்மா அழுது பார்த்தாள், அவன் மசியவில்லை. இவனை ஒரு தடவையாவது கரையில் உட்காரவைத்தே தீருவது என்று நான் முடிவு செய்தேன். காய் செத்தவர் அடுத்த ஆட்டத்தில் கடல்கட்டி என்று புது விதி போட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்தது. தான் சாகப்போவதில்லை என்று அவ்வளவு நிச்சயம்.

படகு இறங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவன் காய் மூச்சு முடிந்து செத்தது. விதிப்படி சுவரோரம் போய் உட்கார்ந்தான். மைனி முதல்தடவையாக முங்கினாள்.

அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கோடாக இறங்கினாள். ஐந்தாவதில் சுறா வந்தது. அண்ணன் பேசாமல் இருந்ததால் அது அவளைச் சுற்றிக்கொண்டே கூட வந்தது. ஆறாவது கோட்டுக்கு வந்தபோது கையில் ஆறு கொட்டை. ஏறுவதற்குச் சரியாக ஆறு. அதற்குக் கீழே போனவர்கள் திரும்ப முடியாது. அது தெரியாதவர்கள் எங்கள் வீட்டில் இல்லை. ஏழாவதில் ஒரே ஒரு பெரிய முத்து இருக்கிறது என்று நான் எப்போதோ சொல்லியிருந்தேன்.

மைனி காயை எடுத்தாள். மேலே கொண்டுபோகவில்லை. கை ஏழாவது கோட்டுப் பக்கம் போயிற்று. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தான், நெற்றியெல்லாம் வேர்வை.

“ஏளா, வேண்டாம். மேல வா.”

சொல்லிவிட்டான். நான் மைனியின் காயை எடுத்து வெளியே வைத்தேன்.

அவன் என் மேல் பாய்ந்தான். பேசினாலும் சாவு, பேசாவிட்டாலும் சாவு, இதெல்லாம் ஒரு விதியா என்றான். இந்த ஒரு தடவை அவளை விட்டுவிடச் சொன்னான். கடைசியில் கெஞ்சவே செய்தான். நான் காயைக் கொடுக்கவில்லை.

மைனி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

“ஒரு ஆட்டம் முடியுமுன்ன பேசிட்டிய. நான் மூணு வருசமா பேசாம இருக்கேன். நீங்க போட்டுல ஏறுன ஒவ்வொரு நாளும் இப்படித்தான் உக்காந்திருந்தேன். நாளைக்கு என்னால முடியாது. கடற்கரைக்கே வந்து கத்துவேன்.”

சொல்லிவிட்டு எழுந்து, காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். அவனைப் பேசவைக்கத்தான் ஏழாவதுக்குப் போனாளா என்று நான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் விடிகிற நேரத்தில் படகுக்காரரின் ஆள் வாசலில் நின்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்தான். மைனியும் எழுந்து அவன் பின்னாலேயே வாசல்வரை போனாள். அவன் படியில் நின்று திரும்பி அவளைப் பார்த்தான்.

“வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி. நான் வரல. எம் பொஞ்சாதிக்குப் பயமா இருக்கு” என்றான்.

எங்கள் தெருவில் எந்த ஆம்பிளையும் அதுவரை அப்படி ஒரு காரணம் சொல்லி நான் கேட்டதில்லை.