மேசைக்கு அடியில் ஒரு ஸ்டேஷன்

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் ரேடியோக்காரர்களைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயங்கள் கோயமுத்தூர் ஸ்டேஷனில் இருந்தவர்கள் காதில் விழுந்திருந்தால், பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்கப் போயிருப்பார்கள். காலையில் செய்தி வாசிக்கிறவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரி வாசிக்கிறார் என்பது பெரியப்பாவின் கட்சி. விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறவர் ஜென்மத்தில் மண்வெட்டியைத் தொட்டிருக்க மாட்டாராம். பாட்டுப் போடும் அம்மா எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிறார் என்றும் ஒரு குறை. அதில் மட்டும் பெரியம்மாவுக்கு ஆட்சேபணை இருந்தது.

"சிரிக்கறவங்க சிரிக்கட்டுமுங்க. சிரிக்கத் தெரியாதவங்க ஊட்டுல நாங்க இருக்கறமல்லங்க" என்பார்.

இதை அவர் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. ரேடியோவிடம் சொன்னார். பெரியப்பாவும் தன் கட்சியை ரேடியோவிடம்தான் வைத்தார். இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. இந்த விஷயத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் பார்த்துத் தெரிந்துகொள்கிற வயதில்லை. மூன்றாம் வகுப்பு முடித்த லீவுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் அவர்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சோமனூரில் எங்கள் வீட்டிலும் ரேடியோ உண்டு. ஆனால் தறிச் சத்தத்தில் அது பாடுகிறதா, சும்மா இருக்கிறதா என்று காதை ஒட்டவைத்துத்தான் பார்க்க வேண்டும். இங்கேயோ ஒரு ரேடியோ கூடத்தின் நடுவில் மேசைமேல் உட்கார்ந்து, வாய் ஓயாமல் பேச, பெரியவர்கள் இரண்டு பேர் அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ கேட்பது என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அது "வணக்கம்" என்றால் நானும் "வணக்கமுங்க" என்றேன்.

அந்த லீவை இப்போது நினைத்தால் பகலும் தூக்கமும் ஒன்றாகக் கலந்தே ஞாபகம் வருகிறது. கண்ணாடி ஓட்டிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் தூசி மிதக்கும். தெருக்கோடியில் பெரியப்பாவின் பட்டறையில் லேத்து சுற்றும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசும்போது நம் ஸ்டேஷனுக்குள் மலையாளம் புகுந்துகொள்ளும். காற்றுத்தான் அதைக் கொண்டுவருகிறது என்று பெரியப்பா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். இருட்டியபின் ரேடியோவின் முகத்தில் மஞ்சள் வெளிச்சம் எரியும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு சீர். தை மாதத்தில் சென்னிமலையில் பெரியம்மாவின் தம்பி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. பட்டறையில் அவசர வேலை என்று பெரியப்பா போகவில்லை. தட்டு வரிசையோடு பெரியம்மா தனியாகப் போய் நின்றிருக்கிறார். "ஊட்டுக்காரர் வரலீங்களா?" என்று கேட்காத ஆளில்லை. வீடு திரும்பிய அன்று நின்ற பேச்சு, அதன்பின் ரேடியோ வழியாகத்தான் போய்வந்தது.

"ஏனுங்க, நீங்க பாட்டுக்கு மணி எட்டரைங்கறீங்க. பட்டறைக்குப் போறவங்க சோத்துத் தூக்குப்போசியை எடுத்துக்காமப் போனா நாங்க என்னத்தப் பண்றதுங்க?" என்று பெரியம்மா அடுப்படியிலிருந்து செய்திக்காரரிடம் முறையிடுவார்.

"சொன்னா எடுத்துக்கறாங்க" என்று செய்திக்காரருக்குப் பதில் சொல்லிவிட்டுப் பெரியப்பா தூக்குப்போசியை எடுத்துக்கொள்வார். இப்படியே அந்த வீடு நன்றாகத்தான் நடந்தது.

ஒரு மத்தியானம் கரண்ட் தாறுமாறாக வந்துபோனதில் ரேடியோவிலிருந்து கருகல் வாசனை வந்தது. பெரியப்பா அதைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கிப்போவது போல ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். சாமான் டவுனிலிருந்து வரவேண்டும், ஆகும்போது ஆகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

அதன்பிறகுதான் அந்த வீட்டில் எவ்வளவு அமைதி இருந்தது என்று தெரிந்தது. தூக்குப்போசி அடுப்பு மேடையிலேயே கிடந்தது. பெரியப்பா எடுத்துக்கொள்ளாமல் போவார். பெரியம்மா பின்னாலேயே வாசல்வரை வந்து, வாயைத் திறந்து, காலி மேசையைப் பார்த்துவிட்டு உள்ளே போவார்.

அந்த வாரமே பெரியம்மா பக்கத்து வீட்டு போனில் தம்பியோடு பேசினார். சனிக்கிழமை காலை பஸ்ஸில் தம்பி வந்து அவரைச் சென்னிமலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெரிய பையில் சேலைகளை அடுக்கினார். அடியில் மார்கழிக் குளிருக்குப் போர்த்துகிற சால்வையையும் வைத்தார். இந்த வெயிலுக்குச் சால்வை எதற்கு என்று கேட்டேன்.

"அந்தக் காலமும் வருமில்ல கண்ணு" என்றார்.

பெரியப்பா அப்போது கூடத்தில்தான் இருந்தார். சால்வை பைக்குள் போவதைப் பார்த்தார். கை துடைக்கிற துணியை எடுத்து, துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அன்றைக்கு, கையில் என்ன அவ்வளவு கிரீஸ் என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை காலையில் எனக்கு வேலையொன்றும் இல்லை. ரேடியோ இல்லாத மேசைக்கு அடியில் புகுந்துகொண்டேன். பூப்போட்ட விரிப்பு தரைக்குக் கொஞ்சம் மேலே வரைக்கும் தொங்கியது. உள்ளே வெளிச்சமெல்லாம் ரோஸ் நிறமாக இருந்தது. செம்புக்குள் வாயை வைத்துப் பேசினால் குரல் கனத்து ரேடியோக் குரலாகிவிடும் என்று கண்டுபிடித்திருந்தேன். ஸ்டேஷனைத் திறந்தேன்.

"வணக்கம். நேயர்கள் தங்கள் கருத்துக்களைச் சொல்லலாம்."

விரிப்புக்குக் கீழே தெரிந்த தரையில் பெரியப்பாவின் பாதங்கள் வந்து நின்றன. வெடிப்புகளில் இரும்புத் தூள் கறுத்திருக்கும் பாதங்கள். கேலி செய்வார் என்று நினைத்தேன்.

"வணக்கமுங்க" என்றார்.

எனக்குக் கிடைத்த முதல் நேயர் அவர். சந்தோஷத்தில் செம்பு பல்லில் இடித்துக்கொண்டது. கருத்தைச் சொல்லச் சொன்னேன்.

"கொறை மட்டுமே சொல்லிப் பழகிப்போச்சுங்க" என்றார் பெரியப்பா. "நல்லா இருக்குதுன்னு ஒரு நாளும் சொன்னதில்லீங்க. அந்தச் சீருக்கு நான் போயிருக்கோணும். இரும்பு நாளைக்கும் அங்கேயே கெடக்கும். எனக்கு அது தெரியாமப் போச்சு."

அடுப்படி வாசலில் மெட்டி போட்ட பாதங்கள் வந்து நின்றன. பக்கத்தில் பை தரையில் உட்கார்ந்தது.

"போகாம இருந்தவங்க அதுக்கப்பறமாவது ஒரு வார்த்தை ஏன் சொல்லலைன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார் பெரியம்மா, என்னிடம். குரல் உடைந்திருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

நான் கடமையாகக் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன்.

"சொல்லத் தெரியலீங்க" என்றார் பெரியப்பா. "இந்த ஊட்டுல நான் தனியா இருந்தா கூறுகெட்டுப் போயிருவேன்னு சொல்லிப்போடுங்க. போக வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க."

நான் அதையும் செம்புக்குள் சொல்லிப்போட்டேன். இரண்டு ஜோடிப் பாதங்களும் அப்படியே நின்றன. ரேடியோவில் இப்படி இடைவெளி விடவே கூடாது. அடுத்ததாக ஒரு பாடல் என்று அறிவித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மயில் பாட்டைப் பாட ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே பெரியம்மா குறுக்கிட்டார்.

"ஏனுங்க" என்றார்.

நேயர் கூப்பிட்டுப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? பாட்டை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க நேயரே" என்றேன். மெட்டிப் பாதங்கள் கூடத்துக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வந்தன.

"ஏனுங்க" என்றார் மறுபடியும், இன்னும் தாழ்ந்த குரலில்.

"சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கறோம்" என்றேன் நான், சத்தமாக.

"தம்பி வெய்யல்ல வந்து நிக்கும். வாங்க, நாம ரெண்டு பேருமாப் போயி ஊட்டுக்குக் கூட்டியாந்தர்லாம்."

நிகழ்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்டேஷன்காரி எப்படி பஸ் ஸ்டாப்புக்கு வரமுடியும்? அதைத்தான் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். நான் முடிப்பதற்குள் வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. விரிப்பை விலக்கிப் பார்த்தேன். கூடத்தில் ஒருவருமில்லை. பை மட்டும் வைத்த இடத்தில் இருந்தது. தெருவில் இருவரும் ஒன்றாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மீதிப் பாட்டை யாருமில்லாத வீட்டுக்குப் பாடி முடித்து, நன்றி வணக்கமும் சொல்லி ஸ்டேஷனை மூடினேன். அன்று சென்னிமலை மாமாவுக்கு வடை பாயசத்தோடு விருந்து நடந்தது. பெரியப்பா எனக்குத்தான் முதல் வடையைக் கொடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வார்த்தைக்கு வார்த்தை மரியாதையாகப் பேசுகிறவர்கள்தான். ஆனாலும் ஒருத்தியை இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, அவள் சொல்லும் பதிலைக் காதில் வாங்காமல் போய்விடுகிறார்களே என்று எனக்கு ராத்திரிவரை ஆறவில்லை.