இத்தா வீட்டுக் கிழட்டுக் கோழி

அந்தக் கோழியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை இரக்கமுள்ளவள் என்று நினைத்துவிடக் கூடாது.

அது அவருடைய கோழி. என் வீட்டுக்காரர் மீன் வியாபாரி. விடியச் சுபஹ் தொழுத கையோடு மோட்டார் சைக்கிளில் ஒலுவில் துறைமுகத்துக்குப் போவார், மீன் எடுத்து வந்து கல்முனைச் சந்தையில் விற்பார், பத்து மணிக்குப் பிறகு வீட்டுக்கு வருவார். வரும்போது ஹேண்டிலில் ஒரு பை தொங்கும். மீன் குடல், செவுள், தலை. எல்லாம் கோழிக்கு. சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அது கேற்றடிக்கு ஓடிவிடும். எனக்கு ஒரு நாளும் அவர் பை கொண்டுவந்ததில்லை என்று சொன்னால், “நீ குடல் திம்பியா?” என்று கேட்பார்.

முட்டையிடுவதை அது நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. கால்களில் செதில் தடித்து, நகம் வளைந்து, ஒரு கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது. “அறுத்துப் போடுங்க, செத்துப் போனா ஆருக்கும் உதவாது” என்று நான் சொல்லாத கிழமையில்லை. “வெள்ளிக்கிழமை பாப்பம்” என்பார். எத்தனையோ வெள்ளிக்கிழமை வந்து போனது. அது இட்ட முட்டையைத் தின்றுதான் மகள் அரபுக் கல்லூரியில் படித்து மௌலவியாவாக வந்தாள் என்பது அவருடைய வாதம். படித்தது மகள், பெயர் கோழிக்கு.

அவர் மவுத்தான காலையிலும் வழமைபோலத்தான் வந்தார். சைக்கிளை நிறுத்தினார், கதிரையில் உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார். குசினிக்குள் போய்க் கிளாஸைக் கழுவித் தண்ணீர் எடுத்து வந்தேன். அதற்குள் முடிந்துவிட்டது. கிளாஸைக் கழுவாமல் கொண்டுவந்திருக்கலாம் என்று பிறகு யோசித்தேன். அசர் தொழுகையோடு அடக்கிவிட்டார்கள். மாலையில் ஏதோ நாறுகிறது என்று எல்லோரும் தேடினார்கள். சைக்கிளில் அந்தப் பை அப்படியே தொங்கிக் கிடந்தது. மகள் அதை எடுத்துக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினாள். அது தின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு நல்ல ஞாபகம். அன்றைக்கு நடந்த மற்றவை அவ்வளவாக ஞாபகமில்லை.

அதன் பிறகு இத்தா. புருஷன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அன்னிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளைச் சேலையும் கையில் தஸ்பீஹ் மணியுமாக நான் உட்கார்ந்திருக்க, பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். நான் அழுகிறேனா என்றுதான் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நெஞ்சில் பாரம் என்றும் ஒன்றும் இல்லை. பசித்தால் சாப்பிட்டேன், தூக்கம் வந்தால் தூங்கினேன். அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி, அழுதால் சபுர் இல்லாதவள், பொறுமை கெட்டவள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சும்மாவா.

வீடு மகளுடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். நானும் அவரும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தோம். மருமகன் கத்தாரில். அதனால் வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள், வளவில் ஒரு கோழி.

மாரி தொடங்கியது. மூன்றாம் கிழமையோ நாலாம் கிழமையோ, காலையில் கிணற்றடிக்குப் போகும்போது கோழி கூட்டுக்குள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. மீன் பெட்டிப் பலகைகளை அடித்து அவர் செய்த கூடு. கீரிக்குப் பயந்து நாலு காலில் உயர்த்தி வைத்திருந்தார். அடிப்பலகை இற்று, ஒரு கால் மணலில் புதைந்து, கூடு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் தேங்கியிருந்தது. கடற்காற்றுக்கு ஆணிகள் துருப்பிடித்து, தொட்டால் உதிர்ந்தன.

அதைத் திருத்த வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கை செய்தது. கூட்டை நிமிர்த்திக் காலுக்குக் கீழே கல் வைத்தேன். இற்ற பலகையைக் கழற்றிவிட்டு, குசினிக்குப் பின்னால் கிடந்த பழைய கதவுப் பலகையை அறுத்து அடித்தேன். கூரைத் தகரத்தின் ஓட்டைக்கு மேலே இன்னொரு தகரம் வைத்துக் கல்லேற்றினேன். உள்ளே குறுக்குத்தடி உயரத்தில் இருந்தது. கிழட்டுக் கோழியால் ஏற முடியவில்லை, அதனால்தான் தண்ணீரில் நின்றிருக்கிறது. தடியை ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிக் கட்டினேன். பேனுக்குச் சாம்பல் தூவினேன். கோழியைப் பிடித்து மடியில் வைத்து, காலை வெந்நீரில் கழுவி, தேங்காயெண்ணெயும் மஞ்சளும் பூசினேன். முப்பது வருடக் குடித்தனத்தில் அவருக்குக்கூட நான் கால் பிடித்துவிட்டதில்லை. இதை நினைத்தபோதும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் கோழி அறுப்பதென்றாலும் அவளுடைய புருஷன்தான் அறுப்பார்.

“என்னகா, இத்தாவுல இரிந்துக்கிட்டு கோழிக்கு வைத்தியம் பாக்கிறயா? இஞ்சால தா. எங்கட மனிசன் ரெண்டு நிமிசத்துல அறுத்துத் தருவார். தானாச் செத்தா ஹராமாப் போயிரும், வீண்.”

அவள் சொன்னது சரி. நானே எத்தனை தடவை சொன்ன கதை அது. ஆனால் என் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

“இத்தாவுல இரிக்கிறவட கோழிய அன்னிய ஆம்புள அறுக்கப்படாது.”

அப்படி ஒரு சட்டம் உலகத்தில் எந்தக் கிதாபிலும் இல்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும், அந்த நிமிடத்தில் நான் உண்டாக்கியது. வெள்ளைச் சேலையோடு நின்று சொன்னதாலோ என்னவோ, அவள் நம்பிவிட்டாள். “அப்பிடியா? எனக்குத் தெரியாதுகா” என்று தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு போனாள்.

மகள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மதரசாவில் பெண் பிள்ளைகளுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்கிறவள். இப்போது வாயைத் திறப்பாள், என் மானம் போகும் என்று நின்றேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. தோய்க்கிற சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

இப்படித்தான் அந்தக் கோழிக்கு என் இத்தா முடியும்வரை தவணை கிடைத்தது.

மகளுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து தொடங்குவாள். “உம்மா, கோழி ஒண்டும் தின்னுதில்ல. அறுப்பமா?” “உம்மா, அதுட சீக்கு மத்தக் கோழிகளுக்குத் தொத்துமாம். அறுப்பமா?” வளவில் மற்றக் கோழி ஏது என்று கேட்பேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். கையிலிருந்த அகப்பையை எறிந்திருக்கிறேன். “படிச்சவள்தானே, பொறுக்கத் தெரியாதா? அதுட சீவன் உன்ட கழுத்துலயா தொங்குது?” என்று வளவு முழுக்கக் கேட்க ஏசுவேன். அவள் குசினிக்குப் போய்விடுவாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று நானும் விட்டுவிடுவேன். ஏசி முடிந்ததும் கொஞ்சம் பசிக்கும். அந்த நாட்களில் எனக்குள்ளிருந்து வந்தது அந்தக் கோபம் ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கூட்டைத் திறப்பேன். எச்சத்தைச் சுரண்டி மணலை மாற்றுவேன். குறுணலை ஊறவைத்துக் கையில் வைத்துக் காட்டுவேன். நல்ல கண் இருக்கும் பக்கம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் என் விரலைக் கொத்தும். தின்றுவிட்டுப் போய்க் கேற்றடியில் நிற்கும். ஒழுங்கையில் யாருடைய மோட்டார் சைக்கிள் வந்தாலும் அது கழுத்தை நீட்டும். வெய்யில் ஏறும்வரை நின்றுவிட்டுத் திரும்பி வரும். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும். போகப் போக அந்த எரிச்சலும் நின்றுவிட்டது.

மழை விட்டது. நாள் முடிந்து வந்தது. மற்றப் பெண்களுக்கு இத்தா முடிவது விடுதலை. எனக்கு அந்த நாள் நெருங்க நெருங்கக் கோழியின் தவணை மட்டும் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் இத்தா முடிகிற நாளை ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் காலையில் கூட்டைத் திறந்தேன். கோழி இறங்கி வரவில்லை. கையை விட்டுத் தூக்கினேன். பாரமே இல்லை, இறகும் எலும்பும். அதை மணலில் இறக்கிவிட்டு நின்றேன். இது இன்றைக்கு இருக்கலாம், நாளைக்கு இல்லாமல் போகலாம் என்று நினைத்தேன். எதுவானாலும் சரி என்று இருந்தது. பயந்திருக்க வேண்டியவள் நான், பயம் வரவில்லை.

குசினியில் மகள் அடுத்த நாளைக்கு வரப்போகிற ஆட்களுக்காக மா அரித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அந்தக் கோழிய மதிலுக்கு மேலால குடுத்திடு புள்ள. அறுக்கட்டும்” என்றேன்.

அரிதட்டு நின்றது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன உம்மா?”

“அறுக்கட்டும். முடிஞ்சுதானே.”

அவள் மாவுக் கையோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்தாள். பிறகு அழத் தொடங்கினாள். மெதுவாக இல்லை, சின்னப் பிள்ளையில் விழுந்து முழங்கால் உடைந்தபோது அழுதாளே, அந்த அழுகை.

“கோழிக்கா புள்ள அழுவுற?” என்று கேட்டேன். வேறென்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“அப்பிடி ஒரு சட்டம் இல்ல எண்டு எனக்குத் தெரியாதா உம்மா?” என்றாள் விம்மிக்கொண்டே. “அண்டைக்கே கேட்டன். நீங்க பொய் சொன்னீங்க. வாப்பா மவுத்தாகி அண்டைக்குத்தான் நீங்க முதல் முதல் வாயத் திறந்து கதைச்சீங்க. பிறகும் சுவரத்தான் பாத்துக்கிட்டு இரிந்தீங்க. கோழிய அறுப்பமா எண்டு கேட்டாத்தான் எழும்புவீங்க, ஏசுவீங்க. ஏசினாத்தான் சோறு தின்னுவீங்க. அதாலதான் கேட்டன். ஒவ்வொரு தரமும் அதாலதான் கேட்டன். இப்ப நீங்களே அறுக்கட்டும் எண்டு சொன்னா, நான் இனி என்னத்த கேக்கிற?”

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். அவள் மெலிந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. எப்போதிருந்து என்று எனக்குத் தெரியாது. மவுத்தானது அவளுடைய வாப்பா. புருஷனும் பக்கத்தில் இல்லை. என்னைப் பார்க்க வந்தவர்கள் அவளிடம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். அவளிடம் நீ எப்படியிருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு கிழட்டுக் கோழியின் காலுக்கு மஞ்சள் பூசியிருக்கிறேன், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு எனக்குள் வந்த வேறொன்று அந்த வெட்கம்தான்.

அவளைக் கட்டிப்பிடிக்க எனக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் அது பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோபம் துளியும் இல்லை. இருந்தாலும் அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தேன்.

“ஆருடி சொன்ன அறுக்கச் சொல்லி? நான் விசர்ல ஒண்டு சொன்னா நீ கேட்டுக்கிட்டு இரிக்கிறதா? அந்தக் கோழிட கழுத்துல ஆராவது கத்தி வெச்சாங்க எண்டா, அண்டைக்கே நான் இந்த வீட்ட உட்டு வெளிக்கிட்டுப் போயிருவன். கேட்டுச்சா? மாவ அரிக்கச் சொன்னா நிலத்துல இரிந்து அழுவுறா. எழும்பு. காலையில என்ன தின்ட நீ? சொல்லு, என்ன தின்ட?”

மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரியின் வாளிச் சத்தம் நின்றது.

மகள் மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் வெள்ளை.

“இன்னும் ஏசுங்க உம்மா” என்றாள்.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும்வரை ஏசினேன்.