ஏழாவது மாடியில் ஒரு மிட்டாய்

லிஃப்ட் அக்கா வாயைத் திறந்தால் கதவு மூடிக்கொள்ளும் என்று குடியிருப்பில் எல்லோரும் கேலி பேசுவார்கள். பேசட்டும். நகரத்து லிஃப்டுகளில் “கதவு மூடுகிறது” என்று குழைவாகச் சொல்வது அவள் குரல்தான். அந்தப் பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியாது. மாடியில் எந்த வேலையும் இல்லாவிட்டாலும், தன் குரலைத் தானே கேட்பதற்காக ஏறி இறங்குவாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. லிஃப்டுக்காக அவளைப் பேச வைத்துப் பதிவு செய்த கம்பெனி, ‘தேனருவி’ என்றொரு செயற்கைக் குரலை விற்கிறதாம். விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கும் இவள், தேனருவியைக் காப்பியடித்துப் பேசுகிறாளாம். உடனே நிறுத்த வேண்டுமாம்!

“என் குரலை நானே திருடிட்டேனாம்டி!” என்று வக்கீல் தங்கையிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. வாயை மூடச் சொன்னால் பிழைப்புக்கு எங்கே போவாள்?

“அக்கா, பாட்டுக்கு உரிமை உண்டு, கதைக்கு உண்டு. வெறும் குரலுக்குன்னு சட்டத்துல தெளிவா எதுவும் இல்ல. ஆனா நீ பேசின பதிவு லிஃப்டுக்கு மட்டும்தான். அதைத்தான் மிஷினுக்கு ஊட்டினாங்கன்னு காட்டணும்.”

“எப்படிடி காட்டுறது? தொண்டையில ரேகையா இருக்கு?”

இருவரும் தேனருவியைப் போட்டுக் கேட்டார்கள். சோப்பு விற்றது, வானிலை சொன்னது. “மழை” என்ற இடத்தில் மட்டும் ‘டக்’ என்று ஒரு சத்தம். “கீழே” என்றது, மறுபடியும் டக். அக்கா துள்ளி எழுந்தாள்.

பதிவு நாளில் அவளுக்குத் தொண்டைக் கரகரப்பு. யாருக்கும் தெரியாமல் ஒரு புதினா மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு பேசியிருந்தாள். ‘ஏழாவது மாடி’ என்று நாக்கை மடித்தபோதெல்லாம் மிட்டாய் நழுவிப் பல்லில் மோதியது. பாவம் மிஷின், தமிழில் ழகரமே அப்படித்தான் போல என்று பவ்வியமாகக் கற்றுக்கொண்டுவிட்டது.

நடுவர் முன் விசாரணை நடந்த நாளில் கம்பெனிக்காரர், கேட்டால் பதில் சொல்லும் தேனருவி இருந்த ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது யார் குரலும் இல்லைங்க. எத்தனையோ பேரோட குரலைக் கேட்டு மிஷினே உருவாக்கினது.”

“அப்போ, ‘கிழவி வாழைப்பழத்தைக் கீழே போட்டாள்’னு சொல்லச் சொல்லுங்க” என்றாள் தங்கை.

தேனருவி தேனொழுகச் சொன்னது. டக், டக், டக், டக். பக்கத்தில் நின்று அக்கா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அதையே சொன்னாள். அச்சு அசல்.

“மிஷினுக்கு மிட்டாய் குடுத்தது யாருங்க?” என்றார் நடுவர். அறையே சிரிப்பில் குலுங்கியது. கம்பெனிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

நோட்டீஸ் செல்லாது என்றாகிவிட்டது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடுவர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க சரின்னு சொன்னாதான் கம்பெனி இந்தக் குரலை இனிமே விக்கலாம். என்ன சொல்றீங்க, சம்மதமா?”

அவள் மிட்டாயை விழுங்கிவிட்டு வாயைத் திறப்பதற்குள், மேசைமேல் இருந்த ஃபோன் அவள் குரலில் இனிமையாகச் சொன்னது: “சம்மதம்.”

“ஐயையோ, அது நான் இல்லங்க! எனக்குச் சம்மதம் இல்ல!” என்று அலறினாள் அக்கா.

குனிந்து எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா, தலையைத் தூக்கி மலங்க மலங்க விழித்தார்.

“இதுல எது நீங்க?”