சம்மாட்டியார் கட்ட வந்த நட்டம்

நீலக் கட்டம் போட்ட பழைய சாரத்துண்டு ஒன்றை நான்கு மூலையும் சேர்த்து இறுக முடிந்து, என் மேசையில் வைத்தார் சம்மாட்டியார். “அவிழ்த்துப் பாரு, பிள்ள” என்றார். அவருடையது வலை முடிந்த கை. அந்த முடிச்சு என் நகத்துக்கு இலேசில் இளகவில்லை. பின்னால் அவருடைய மனைவி, சேலைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு நின்றார். மின்விசிறிக் காற்றில் தலைப்பு விலகியபோது, அந்தக் கழுத்தில் புது மஞ்சள் கயிறு ஒன்று கிடப்பதைக் கண்டேன். முடிச்சுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

நான் அப்போது சிலாபத்தில் ஒரு கணக்காளரின் கந்தோரில் வேலை செய்தேன். முதலாளி சிங்களவர், நாங்கள் மாத்தயா என்போம். வாரத்தில் பாதி நாள் கொழும்பில் இருப்பார். தமிழில் கதைக்க அங்கே இருந்தது நான் ஒருத்திதான் என்பதால், உடப்பிலிருந்தும் முன்னேசுவரத்திலிருந்தும் வருகிற தமிழாட்கள் எல்லோரும் நேரே என் மேசைக்குத்தான் வருவார்கள். சம்மாட்டியார் உடப்பில் கரைவலைக்குச் சொந்தக்காரர். யுத்தம் கடலுக்குள்ளும் வந்துவிட்டிருந்த காலம் அது. இந்த நேரம் தோணி இறக்கலாம், இந்த நேரம் கூடாது என்று கடற்படை சொல்லும். பாஸ் இல்லாமல் கரையில் நிற்கவும் முடியாது. அதனால் கடலை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று நினைத்த மனிதர், முந்தல் பக்கம் இறால் குளங்கள் வெட்டிய ஒரு கொம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது கையிலிருந்த மிச்சத்தையெல்லாம் அதில் போட்டார்.

போட்ட நாளிலிருந்து என்னைப் பிடித்தது சனி. அப்பப்பா, எத்தனை கேள்விகள்! “வாங்கினதுக்கே வரி இருக்கா, பிள்ள?” “விலை ஏறிட்டாம், நான் விக்கல்ல. ஏறினதுக்கு வரி கேப்பாங்களா?” விற்காமல் கையில் வைத்திருப்பதற்கு ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று சொன்னால், அடுத்த கிழமை அதையே வேறு பக்கத்தால் கேட்பார். முதல் இலாபப் பங்கு வந்தபோது கொம்பெனி வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பியிருந்தது. “இவன் வெட்டிட்டான். இனி அரசாங்கம் ஒருக்கா வெட்டுமா? ஒரே மீனுக்கு ரெண்டு தரம் தீர்வையா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். பிடித்த வரிக்கு ஒரு துண்டுச் சீட்டு தந்திருக்கிறார்கள், அதைக் காட்டினால் போதும் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்ல வேண்டியிருந்தது. பங்குப் பத்திரத்தைக்கூட வீட்டில் வைக்கமாட்டார். கடற்காற்றில் கடதாசி இத்துப்போகுமாம். அது எங்கள் அலுமாரியில்தான் இருந்தது.

பிறகு குளங்களில் நோய் விழுந்தது. இறால்கள் செத்துச் செத்து ஓரத்தில் ஒதுங்கின. கரையோரம் முழுக்க அந்த நாற்றம். கொம்பெனி குளங்களை வற்றவிட்டு, இவ்வளவு நட்டம் என்று பங்குக்காரருக்கெல்லாம் அறிக்கை அனுப்பியது. அதற்குப் பிறகு சம்மாட்டியார் கந்தோர்ப் பக்கமே வரவில்லை. கேள்விகள் நின்றதில் எனக்கு நிம்மதி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவர் வராதது மனதை அரித்தது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு முற்பகல், மனைவியோடும் முடிச்சோடும் வந்து நின்றார்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். முடிச்சை அவிழ்க்கச் சொன்ன சிப்பாய், தாலிக்கொடியைக் கண்டு திகைத்துப்போய், எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டானாம். கொம்பெனிக்குக் கட்ட என்று இவர் சிங்களத்தில் சொல்ல, அவன் திரும்ப முடியச் சொல்லிப் போகவிட்டானாம்.

“எந்தக் கொம்பெனிக்கு, எதைக் கட்ட?” என்றேன்.

“இதென்ன கதை? என்ட பங்கு நட்டத்தத்தான். வலை கல்லில மாட்டிக் கிழிஞ்சா, பங்கு வாங்கினவன் எல்லாரும்தானே நூலுக்குக் குடுக்கோணும்? மீன் பட்ட நாள் கைய நீட்டிட்டு, கிழிஞ்ச நாள் வீட்டுக்குள்ள படுக்கிறதா? அவங்க வந்து கேக்கிற வரைக்கும் இருக்கிறது மரியாதையில்ல, பிள்ள. இது போதாட்டி தோணியையும் விக்கிறன்.”

அந்த அம்மாவின் கண் முடிச்சிலேயே நின்றது. இல்லை, நீங்கள் ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் ஒன்றைப் பார்க்காமல் சொல்லக்கூடாது. பங்கின் விலையை முழுக்கக் கட்டி வாங்கியிருந்தால்தான் அந்தப் பேச்சு. பாதி கட்டி வாங்கியிருந்தால், மிச்சப் பாதியைக் கொம்பெனி கேட்கலாம். அலுமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தேன். அந்த அம்மாவின் மூச்சு எனக்குப் பின்னால் கேட்டது. முழுத்தொகையும் செலுத்தப்பட்டது என்று அச்சில் இருந்தது. அந்த வரியை விரலால் தடவித் தடவி இரண்டு தரம் வாசித்தேன்.

“போட்ட காசு போனது போனதுதான், ஐயா. ஆனா அதுக்கு மேல ஒருத்தரும் உங்களிட்ட வரமாட்டாங்க. வரவும் ஏலாது. சட்டம்” என்றேன். எனக்கே அழுகை வந்துவிட்டது. அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். “என்ட அம்மாளே!” என்று ஒரு மூச்சு விட்டார் பாருங்கள், மேசையிலிருந்த கடதாசிகளே பறந்திருக்கும்.

சம்மாட்டியாருக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

“அப்ப யாரு கட்டுறது? நட்டம் நட்டம்தானே, அது ஆவியாப் போகுமா?”

கடன் கொடுத்த வங்கி, இறாலுக்குத் தீன் விற்ற கடைக்காரர், சம்பளம் நின்ற குளத்து வேலையாட்கள் என்று சொல்லிக்கொண்டு போனேன். “வேலையாட்கள்” என்றதும் அவர் முகம் மாறியது. அவர்களில் பாதிப்பேர் அவருடைய ஊர்ப் பொடியன்கள். அவரே முடிச்சை அவிழ்த்து, கொடியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

“நீங்கதானே கழட்டினீங்க. நீங்களே போடுங்க” என்றார் அம்மா. நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தத் தடித்த விரல்களுக்குச் சின்னக் கொக்கி அகப்படவேயில்லை. “கிழிஞ்ச வலை பொத்தத் தெரியும், இது தெரியாது” என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தது கேட்டது.

போகிற அவசரத்தில் சாரத்துண்டை மறந்துவிட்டார்கள். அதைத் துவைத்து, ஆள்மூலம் அனுப்பினேன். சில மாதம் கழித்து அதே துண்டு, அதே மாதிரி முடிந்து, என் மேசைக்கு வந்தது. அதைத் தொட நான் கை நீட்டவில்லை. “பயப்படாத, இது கொம்பெனிக்கில்ல, உனக்கு” என்றார் சம்மாட்டியார். உள்ளே நெத்தலிக் கருவாடு. குளத்தில் வேலை போன பொடியன்களைத் தன் வலையில் கயிறு இழுக்கச் சேர்த்துப் பங்கு கொடுக்கிறாராம். இத்தனை பேருக்குப் பங்கு கொடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். “கொம்பெனி என்ட நட்டத்த வாங்கல்ல. நான் என்ன செய்ய?” என்றார். கூட வந்திருந்த அம்மா அதுவரை என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்குக் குனிந்து, மெதுவாகக் கேட்டார்: “கருவாட்டுக்கும் வரி இருக்கா, பிள்ள?” நான் அதைச் சிங்களத்தில் சொல்ல, கந்தோரே சிரித்தது.

துண்டை இந்த முறை திருப்பி வாங்க அவர் சம்மதிக்கவில்லை. என் மேசை லாச்சியில் இன்றைக்கும் இருக்கிறது. யுத்தம் முடிந்துவிட்டது, இருவரும் காலமாகிவிட்டார்கள். நானே ஒரு கந்தோர் வைத்திருக்கிறேன். இப்போது பங்கு வாங்குகிறவர்கள் கைத்தொலைபேசியிலேயே வாங்கி, அதிலேயே என்னிடம் கேட்கிறார்கள்: விற்றால் வரியா, விற்காவிட்டால் வரியா, கொம்பெனி விழுந்தால் நாங்கள் கட்ட வேண்டுமா. முழுக்கக் கட்டி வாங்கியிருந்தால் வேண்டாம் என்கிறேன். மறுமுனையில் அந்த அம்மா விட்ட அதே மூச்சு கேட்கும்; எனக்கும் ஆறுதலாக இருக்கும். நன்றி சொல்லி வைத்துவிடுவார்கள். “அப்ப யாரு கட்டுறது?” என்று இதுவரை ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.