ஏரியைப் புதைத்த சொல்

லிங்கராஜபுரத்திலிருந்து பெங்களூரின் ஓரத்திலுள்ள ஒரு சிறிய நகராட்சிக்குக் குடிபோன புதிதில், ஏரிக்கரையில் மண் குவியல்களைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு கன்னடப் பலகை. 'கெரே ஹூளு' என்ற முதல் இரண்டு சொற்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'கெரே' என்றால் ஏரி, 'ஹூளு' என்றால் புதைப்பது. எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான். ஏரியை மூடுகிறார்கள் என்று பத்திரிகையாளன் என்ற தோரணையில் நகராட்சிக்குப் புகார் எழுதினேன். விசாரணைக்காக வேலையை நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள், வார்டு உறுப்பினர் லட்சுமி என் வீட்டுக்கு வந்தார். பல தலைமுறைகளாக அங்கே வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது.

"ஹூளுன்னா வண்டலும்தான் சார். நாங்க கெரேய தூர் வார்றோம். பேப்பர்காரரு நீங்க, எங்க கெரேயவே பொதைச்சிட்டீங்களே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மழை வந்துட்டா இந்த வருஷம் வேலை நடக்காது சார்" என்றார்.

அப்போதே அவருடைய ஸ்கூட்டரில் போய்ப் புகாரைத் திரும்பப் பெற்றேன். மழைக்கு முன்பே வேலை முடிந்தது.

முதல் மழையில் ஏரி நிரம்பியபோது, "போட்டோ போடுங்க சார்" என்று கூப்பிட்டார். எடுத்தேன். படத்துக்குக் கீழே வரவேண்டிய ஒரே ஒரு வரியைக் கரையிலேயே நின்று அவருக்குப் படித்துக் காட்டினேன். அவர் தலையசைத்த பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.