முப்பது விநாடிக்கு ஒரு பதில்

கரண்ட் இல்லாத கம்ப்யூட்டர் பதில் சொல்லுமா? சொல்லாது. எட்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனால் 2008 அக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் ஒன்று எனக்குப் பதில் சொன்னது. அன்றைய பதிவை அச்செடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

என் வேலை இணையதளம் அமைப்பது. முதலிபாளையத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. முதலாளி மணியன். எந்த ஆர்டரில் எவ்வளவு தைத்தாயிற்று என்று வெளிநாட்டுக்காரர்கள் அன்றாடம் பார்க்க ஒரு தளம் கேட்டார். செய்து கொடுத்தேன். அது ஓடும் சர்வர் கம்பெனிக்குள்ளேயே இருந்தது. அந்த வருடத்து மின்வெட்டு உங்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் போனால் யுபிஎஸ் இருபது நிமிடம் தாங்கும். அதற்குள் யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும்.

அந்த யாராவது, நதியா. கம்ப்யூட்டர் ஆபரேட்டர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். ஜெனரேட்டர் அவள் வேலையே இல்லை. ஆனால் தளம் நின்றால் முதலாளி அவளைத்தான் கேட்பார்.

"அண்ணே, நான் இல்லேன்னாலும் தானா ஓடுற மாதிரி பண்ணித் தாங்கண்ணே. அம்மாவுக்குக் கண்ணு ஆபரேசன். கூட இருக்க நான் ஒருத்திதான். சைட்டு நின்னுரும்னு சொல்லி லீவே தர மாட்டேங்குறாங்க."

"அடுத்த ஞாயித்துக்கிழமை முடிச்சுப்போடறேன் கண்ணு."

"உங்க அடுத்த ஞாயித்துக்கிழமை எந்த வருசத்துலண்ணே வருது?"

இருவரும் சிரித்தோம். மூன்று ஞாயிறு போயிற்று.

வழி என்னவோ எளிதுதான். தளத்தின் பெயரை நீங்கள் தட்டினால், டிஎன்எஸ் என்ற ஏற்பாடு அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும். ஒரே பெயருக்கு இரண்டு முகவரி கொடுத்து வைக்கலாம். முதலாவது முதலிபாளையம். இரண்டாவது, வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த சர்வர். ஒரு யூனிட்டில் கரண்ட் இல்லையென்றால் வெட்டிய துணியோடு வரும் வேனை அடுத்த யூனிட்டுக்குத் திருப்பி விடுகிறோம் அல்லவா? அதேதான். எப்போது திருப்புவது? அதற்கு ஒரு கண்காணிப்பு புரோகிராம் உண்டு. முப்பது விநாடிக்கு ஒருமுறை அது முதல் முகவரியிடம் ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்கும். தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் இரண்டாவது முகவரியைக் கொடுக்க ஆரம்பிக்கும். பழைய முகவரியை மற்ற கம்ப்யூட்டர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்றும் ஒரு கெடு குறிக்க வேண்டும். அறுபது விநாடி என்று குறித்தேன்.

அந்தச் சின்னப் பக்கத்தை முந்தைய மாதமே போனில் சொல்லி நதியாவை எழுத வைத்திருந்தேன். அதில் 'ஓகே' என்று போடச் சொன்னேன். அவள் 'இருக்கேண்ணே' என்று போட்டு வைத்தாள்.

"ஓகேன்னா யாருன்னு தெரியாதுல்லண்ணே."

அக்டோபர் 18 அன்று அவளைக் கூப்பிட்டேன். செல்போன் அணைந்திருந்தது. கம்பெனியில் கேட்டேன். "அந்தப் புள்ள ஊருக்குப் போயிருச்சுங்க" என்றார்கள். எப்படியோ லீவு கிடைத்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாளே வேலையில் உட்கார்ந்தேன்.

ஞாயிறு மதியம் எல்லாம் தயார். கம்பெனிக்கு விடுமுறை. சோதித்துப் பார்க்க வாட்ச்மேன் கிட்டுசாமிக்குப் போன் செய்தேன்.

"மெயின் சுவிட்சை எறக்கிப் போடுங்கண்ணா."

"எறக்கிட்டனுங்க."

மணி 2:10.

2:30-க்கு யுபிஎஸ் தீர வேண்டும். தீர்ந்தால் பதில் நிற்க வேண்டும்.

2:40:00. இருக்கேண்ணே.

2:40:30. இருக்கேண்ணே.

மறுபடி போன் செய்தேன். "அண்ணா, ஜெனரேட்டர் ஓடுதா?"

"இல்லீங்க. உள்ள ஒரே இருட்டுங்க."

"நெசமாவே மெயினை எறக்கிட்டீங்களா?"

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா உங்ககிட்ட வெளையாடறனுங்களா?"

லேப்டாப்பையும் இணையத்துக்கான டேட்டா கார்டையும் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். போய்ச் சேரும்போது 3:25. தையல் மெஷின்கள் வரிசையாக, சத்தமில்லாமல் நின்றன. கிட்டுசாமி சர்வர் அறையைத் திறந்தார். அவர் உள்ளே வரவில்லை.

கருகிய வாடை...

டார்ச் அடித்தேன். சர்வர் பெட்டியின் முகப்பு கறுத்திருந்தது. பக்கத் தகடு இல்லை. உள்ளே டிஸ்க் இல்லை. போர்டு இல்லை. வெறும் கூடு.

மேசைமேல் கீபோர்டு மட்டும் கிடந்தது. அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கியது.

லேப்டாப்பைத் திறந்தேன்.

3:31:00.

டக்.

திரையில்: இருக்கேண்ணே.

எலி என்று நினைத்தேன். காத்திருந்தேன்.

3:31:30.

டக்.

இந்த முறை பார்த்தேன். என்டர் கீ அமுங்கி, எழுந்தது.

இருக்கேண்ணே.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை.

"நதியா எங்கீங்கண்ணா?"

கிட்டுசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஊருக்குப் போயிருச்சுன்னு சொல்லச் சொன்னாருங்க மொதலாளி. எட்டாந்தேதி, பொதங்கெழமைங்க. கரண்ட் போச்சு. அந்தப் புள்ள ஜெனரேட்டர் போட ஓடுச்சு. கீழ மழைத்தண்ணி நின்னுதுங்க. மணி ரெண்டு பத்து. ஷாக் அடிச்சிருச்சுங்க. நாங்க தூக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க. அந்தப் பொட்டியும் அப்பவே எரிஞ்சிருச்சு. உள்ள இருந்ததெல்லாம் கழட்டி எடுத்துட்டாங்க."

"அவங்கம்மா?"

"ஆபரேசன் ஆகலீங்களே. மவ மூஞ்சியத் தடவித்தான் பார்த்துச்சாமுங்க."

மணியனுக்குப் போன் செய்தேன்.

"சர்வர் எரிஞ்சதை ஏனுங்க எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்கதான் வெளிநாட்டுக்கு மாத்திப்போட்டீங்கன்னு நெனச்சனுங்க. பதினோரு நாளா சைட்டு ஒரு நிமிசங்கூட நிக்கலீங்களே..."

நான் எதையும் மாற்றவில்லை.

முதல் ஞாயிறே மாற்றியிருந்தால் அவள் அன்று ஓடியிருக்க மாட்டாள்.

மறுபடி உள்ளே போனேன்.

எந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும் என்று எழுத அந்தப் புரோகிராமில் ஓர் இடம் உண்டு. அங்கே எழுதுவது அப்படியே முதல் முகவரிக்குப் போகும். அங்கிருந்த பக்கத்தின் பெயரை அழித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்தேன்.

'ஊருக்குப் போ நதியா. இங்கே நான் பார்த்துக்கிறேன்.'

3:52:00. பதில் வந்தது. வெற்றுப் பக்கம். ஓர் எழுத்துகூட இல்லை.

3:52:30. பதில் இல்லை.

3:53:00. பதில் இல்லை.

3:53:30. பதில் இல்லை.

கீபோர்டு அசையவில்லை.

3:54:30-க்குத் தளத்தின் பெயரைத் தட்டினேன். இரண்டாவது முகவரியிலிருந்து திறந்தது.