ஒரு தெரு விடாமல் அறிவித்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை ஊரில் ‘கவனம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். “பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்காமல் அவர் எதையும் சொன்னதில்லை. நகராட்சியின் அறிவிப்புகளைத் தெருத்தெருவாகப் போய் ஒலிபெருக்கியில் சொல்வது அவர் வேலை. தண்ணீர் வராது, வரி கட்ட வேண்டும், நாய்களுக்கு ஊசி போடுகிறார்கள், சாக்கடை தோண்டியிருக்கிறது சுற்றிப் போங்கள் என்று எது நடந்தாலும் அவர் குரலில்தான் ஊருக்குள் வரும். பழைய ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒலிபெருக்கியைக் கட்டிவைத்திருப்பார். தெருமுனையில் ஸ்டாண்டு போடுவார், காகிதத்தைப் பிரிப்பார், தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலே அடுத்த தெரு வரைக்கும் கேட்கும்.

நான் அவரை அத்தான் என்பேன். அவர்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. அதனால் அவர் லட்சணம் எனக்கு அத்துப்படி. வீட்டில் மனிதர் இருக்கிற இடம் தெரியாது. சாப்பாட்டில் உப்பு இல்லை என்றால்கூட அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் சாப்பிட்டுப் போய்விடுவார். மைக்கைப் பிடித்துவிட்டால் ஆளே வேறு. முதுகு நிமிர்ந்துவிடும்.

ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நகராட்சி கொடுத்த காகிதத்தில் ஓர் எழுத்தைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

“ஏன் அத்தான், ‘பராமரிப்புப் பணிகளின் பொருட்டு நீர் வழங்கல் நிறுத்திவைக்கப்படும்’னு இந்த இழு இழுக்கிறீங்க? நாளைக்குத் தண்ணி வராதுன்னா நாலு பேருக்குப் புரியுமில்ல?”

“அப்படிச் சொன்னா அது என் வார்த்தையாயிடும்மா. நாளைக்கே ஒருத்தன் வந்து, நீதான் தப்பாச் சொன்னேன்னு சட்டையப் பிடிப்பான். எனக்குக் குரல் மட்டும்தான் சொந்தம்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மரியாதையே அதனால்தான். ‘கவனம் சொன்னா அது ஆபீஸ் சொன்ன மாதிரி’ என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்காகவே மழையில் நனைந்துகொண்டு போய்க் கடைசித் தெருவிலும் படித்துவிட்டு வருவார்.

ஊரைத் தாண்டி மேட்டுத்தரை இருக்கிறது. நகராட்சிக்குச் சொந்தமான நிலம். முழுக்கப் புல், ஓரமாக ஒரு குட்டை. வேலி கிடையாது, வாசல் கிடையாது, யாரும் போகலாம். அக்காவின் மாடுகள் அங்கேதான் மேயும். அந்தப் பாலில்தான் வீடே நடந்தது. நகராட்சி அத்தானுக்குக் கொடுத்தது பெட்ரோலுக்கும் தொண்டை மாத்திரைக்கும் சரியாகப் போகும்.

ஒருநாள் காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போன அக்கா, போன சூட்டில் திரும்பிவந்தாள். மாடுகளைக் கட்டக்கூட இல்லை. மேட்டுத்தரையில் கம்பி நட்டு அளந்துகொண்டிருக்கிறார்களாம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்குகிறதாம். தங்கும் விடுதியும், பணக்காரர்கள் வந்துபோக வீடுகளும் கட்டுவார்களாம்.

“யாரைக் கேட்டு விக்கிறீங்கன்னு கேட்டேன். ‘ஊரைக் கேட்டுத்தாம்மா. மைக் போட்டு அறிவிச்சு, ஆட்சேபம் சொல்லக் கெடுவும் குடுத்தாச்சு. ஒருத்தரும் வாயத் திறக்கல’ங்கறான். யாரு அறிவிச்சாங்கன்னேன். என்னை மேலும் கீழும் பாத்துட்டு, ‘உங்க வீட்டுக்காரர்தான்’கறான்!”

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப்பையில் மடித்துவைத்திருந்த பழைய அறிவிப்புக் காகிதங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

“இதா அது?” என்று மட்டும் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊரே இரண்டாகிவிட்டது. வேலை வரும், ரோடு வரும், நம் பிள்ளைகள் வெளியூர் போக வேண்டாம் என்று ஒரு கூட்டம். முதலில் ரோட்டைப் போடுவார்கள், அப்புறம் அதே ரோட்டில் நம்மை வெளியே அனுப்புவார்கள் என்று இன்னொரு கூட்டம். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொஞ்சம் சபலம் இருந்தது. அத்தனை ஜன்னலுக்கும் திரைச்சீலை தைக்க ஆள் வேண்டாமா? வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அக்கா என்னையும் மிஷினையும் சேர்த்துத் தெருவில் வைத்திருப்பாள். ஆனால் விற்கச் சொன்னவர்களும் விற்கக்கூடாது என்றவர்களும் ஒன்றை மட்டும் ஒரே மாதிரி கேட்டார்கள்: நமக்கு ஏன் தெரியவில்லை?

வழி கண்டுபிடித்தவர் மருந்துக்கடைக்காரர். ஊரில் சட்டம் பேசுகிறவர் அவர்தான். விற்பனையை உறுதிசெய்ய மேலதிகாரி ஒருவர் வரப்போகிறார், நேரில் விசாரிப்பார் என்று தெரிந்துகொண்டு வந்தார்.

“ஆட்சேபம் சொல்லக் கெடு முடிஞ்சுபோச்சு. இனி ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கு. எல்லாத் தெருவுலயும் அறிவிக்கலன்னா விற்பனை செல்லாது. நீங்க எழுந்து, ‘அன்னைக்கு உடம்பு சரியில்ல, ரெண்டு மூணு தெரு விட்டுட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

“நான் விடலையே.”

“விட்டேன்னு சொல்லுங்கன்னுதான் சொல்றேன்!”

அவர் போனதும் அக்கா ஆரம்பித்தாள். “உங்களுக்கு ஊருல எடுத்த பேரு முக்கியமா, மாடு முக்கியமா? தரை போனா மாடு எங்க மேயும்? உங்க ஒலிபெருக்கிக்குள்ளயா?”

“விடாத தெருவ விட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்! அதானே உங்க தொழில்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. திரைச்சீலை ஆசை ஒருபக்கம் இருந்தாலும் நான் அக்கா கட்சிதான். யார் குடியைக் கெடுக்கப்போகிறது இந்தப் பொய்? “அத்தான், ஊருக்காக ஒரு பொய். அவ்வளவுதானே?” என்றேன். அவர் எழுந்து போய் ஒலிபெருக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில் நடந்தது. நிற்க இடமில்லை. மேடையில் நகராட்சித் தலைவர், மேலதிகாரி, கம்பெனியிலிருந்து வந்த வெளிநாட்டு அம்மாள், அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கிற பையன். அந்த அம்மாள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மேலதிகாரி அத்தானை எழுப்பினார். “இந்த அறிவிப்பை எல்லாத் தெருவுலயும் சொன்னீங்களா?”

யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பழக்கதோஷம்! “பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு” என்று தொடங்கிவிட்டார். கூடம் கொல்லென்று சிரித்தது. அவருக்கு வேர்த்துவிட்டது. அக்கா முந்தானையை முறுக்கிக்கொண்டே அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னேங்க. ஒரு தெரு விடல.”

கூடத்தில் ஒரே கூச்சல். மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தலைவர் முகம் மலர்ந்தது. அக்கா எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சே, என்ன மனுஷன்!

அத்தான் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

“ஐயா, இன்னும் கொஞ்சம் இருக்கு. அந்தக் காகிதத்துல மேட்டுத்தரைங்கற பேச்சே இல்ல. புல எண், உட்பிரிவு, பயன்பாடற்ற தரிசு, உரிமை மாற்றம், இதான் இருந்துச்சு. இத்தனை வருஷமா எது குடுத்தாலும் நல்லாப் படிப்பேன். எல்லாரும் மெச்சுவாங்க. படிக்கறது பாதி எனக்கே புரியாது. கேட்டா மரியாதை போயிடும்னு யாரையும் கேட்டதில்ல. இதையும் அப்படித்தான் படிச்சேன். என் வீட்டு வாசல்லயும் நின்னு படிச்சேன். அதோ போறாளே, அவ மாடு மேயற தரைய விக்கப் போறாங்கன்னு அவகிட்டயே மைக்குல சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, தொண்டை கட்டிக்கப்போகுதுன்னு எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தாய்யா.”

அதைப் படித்த அன்று நானும் வாசலில்தான் இருந்தேன். பொத்தான் தைத்துக்கொண்டே அவ்வளவையும் கேட்டேன். அத்தான் குரல் இன்று கணீரென்று இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

வெளிநாட்டு அம்மாள் அந்தப் பையனிடம் என்னவோ கேட்டார். அவன் சொல்லி முடித்த பிறகு அவர் சிரிக்கவில்லை. மேலதிகாரி அந்த அறிவிப்பை வாங்கித் தாமே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு, “இது எந்த இடம்னு எனக்கே தெரியலையே” என்றார். ஊரில் சொல்கிற பெயரைச் சொல்லி, எளிய பேச்சில் மறுபடி அறிவிக்க வேண்டும், ஆட்சேபத்துக்குப் புதிதாகக் கெடு தர வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா வாசல்படியில் நின்றபடியே இருந்தாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

அத்தானுக்கு அதன்பிறகு வேலை இல்லை. புரியாமல் படிக்கிறவரை வைத்துக்கொள்ள முடியாது என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அவர் சொன்ன வார்த்தையையே அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டார்கள், என்ன சாமர்த்தியம்! புது அறிவிப்பை வேறு யாருடைய குரலிலோ பதிவுசெய்து, ஒரு வேனில் வைத்துச் சுற்றவிட்டார்கள்.

அது எங்கள் தெருவுக்கு வந்தபோது நான் மிஷினை நிறுத்தினேன். எதிர்வீட்டுக்காரர்கள்கூட வெளியே வந்து நின்றார்கள். “நம்ம ஊர் மேட்டுத்தரையை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கப்போகிறோம். வேண்டாம் என்பவர்கள் வந்து சொல்லலாம்.” அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும்.

அத்தான் பால் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். வேன் தெருமுனை திரும்பும் வரைக்கும் காது கொடுத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றான்” என்றார்.

அக்கா அவர் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். “உங்க குரல் மாதிரி வராது” என்றாள்.